எங்கள் வம்ச மரம்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி

ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் சமூக அறிவியல் ஆசிரியை ஒருநாள், “அவரவர் குடும்பத்தின் வம்ச மரத்தை ஒரு சார்ட் தாளில் வரைந்து கொண்டு வாருங்கள். எத்தனை தலைமுறை தெரியுமோ அத்தனையும் எழுதுங்கள்” என்றார்கள். வகுப்பு முழுவதும் முணுமுணுப்பு. எனக்கோ உள்ளம் துள்ளியது! இந்தப் பள்ளியிலேயே என்னுடையதைப் போல ஒரு மரம் யாருக்கும் இருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும்.

காரணம் இதுதான். என் அப்பாவின் வழியில் எள்ளுப்பாட்டி, அதாவது என் தாத்தாவின் அப்பாயி, ஏலாக்குறிச்சியில் பிறந்தவர் என்றும், அவருடைய முன்னோருக்கு வீரமாமுனிவரே தம் கையால் ஞானஸ்நானம் கொடுத்தார் என்றும் எங்கள் வீட்டில் சொல்வார்கள். நான் தொட்டிலில் கிடந்த நாள் முதல் கேட்டு வந்த கதை அது. எங்கள் வீட்டுத் திருமணங்களில், புதுநன்மை விருந்துகளில், யாராவது ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “எங்க வம்சத்துக்குத் தேம்பாவணி பாடின சாமியாரு தீர்த்தம் ஊத்தினாரு” என்று தொடங்கிவிடுவார்கள். பெரும்பாலும் அது எங்கள் அத்தைப்பாட்டியாகத்தான் இருக்கும். அவர் என் தாத்தாவுக்கு அக்கா. இப்போது வயது தொண்ணூறு. தாத்தா இறந்த பிறகும் எங்களுடனேயே இருக்கிறார்.

ஆகவே நான் ஒரு பெரிய ஆலமரம் வரைந்தேன். அதன் அடியில் தலைப்பாகையும் நீண்ட அங்கியுமாக வீரமாமுனிவர். சென்னைக் கடற்கரையில் 1968ல் வைத்த அவரது சிலையின் படத்தைப் பார்த்து வரைந்தது. கிளைகளில் நாங்கள். ஆனால் ஒரு சங்கடம் வந்தது. வீரமாமுனிவர் 1747ல் இறந்தவர். எள்ளுப்பாட்டி பிறந்ததோ 1870க்குப் பிறகு. நடுவில் இருந்த நான்கைந்து தலைமுறைகளின் பெயர் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த இடத்தில் இரண்டு கிளிகளையும் ஒரு அணிலையும் வரைந்து மறைத்துவிட்டேன்.

வகுப்பில் என் மரத்தைக் காட்டியபோது எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் பின்னால் எழுந்தவள் பள்ளியை ஒட்டிய இல்லத்தில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவி. (அவள் பெயரை இங்கே எழுதவில்லை. ‘எழுதாதே’ என்று அவளே சொல்லிவிட்டாள்.) அவள் தாளில் ஒரு சிறு செடி மட்டும் இருந்தது. அதில் ஒரே ஓர் இலை. அந்த இலையில் அவள் பெயர். ஆசிரியை ஒன்றும் கேட்காமல், “படம் அழகாக இருக்கிறது” என்று சொல்லி உட்கார வைத்தார்கள்.

இனி எழுதப்போவதை எழுதக் கை கூசுகிறது. மதிய இடைவேளையில் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். நான் அவளிடம், “ஏண்டி, வேரே இல்லாத செடி எப்படி நிக்கும்?” என்று கேட்டேன். என்னைச் சுற்றி நின்ற நான்கு பேர் சிரித்தார்கள். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்த தன் டிபன் பாக்ஸை மட்டும் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். தம்பியை அடித்தது, செபமாலையின்போது தூங்கியது எல்லாவற்றையும் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. மறைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அது ஒரு பாவம் என்ற நினைவே எனக்கு வரவில்லை.

என் ஆசிரியை மட்டும் என் மரத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “இந்தக் கிளிகளெல்லாம் எதை மறைக்கின்றன?” என்று மெல்லக் கேட்டார்கள். பிறகு, “கண்காட்சியில் வைக்க வேண்டுமானால் ஏதாவது ஒரு சான்று வேண்டும். கோயில் பதிவேடுகளில் தேடிப் பாரேன்” என்றார்கள். நான் அப்பாவை நச்சரிக்கத் தொடங்கினேன். எள்ளுப்பாட்டியின் திருமணம் நடந்த கோயிலின் பதிவேட்டைப் பார்த்தால் அவர் பிறந்த ஊரும் பெற்றோர் பெயரும் கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டு ஏலாக்குறிச்சிக்குப் போகலாம் என்பது என் திட்டம். மே மாத விடுமுறையில் அப்பா ஒருவழியாகச் சம்மதித்தார்.

எங்கள் பூர்வீக ஊர் பழைய சேலம் ஜில்லாவில் ஒரு கிராமம். புறப்படும்போது அத்தைப்பாட்டி வழக்கம்போல ஒரு பிடி அரிசியை என் கைக்குட்டையின் முனையில் முடிந்து கொடுத்தார். எங்கள் வீட்டில் யார் வெளியூர் போனாலும் இப்படி ஒரு பிடி அரிசி முடிந்துதான் அனுப்புவார்கள். ஓட்டலும் பிரியாணிக் கடையும் தெருவுக்குத் தெரு இருக்கிற இந்தக் காலத்தில் எதற்கு என்று கேட்டால், “ஏலாக்குறிச்சி வழக்கம் கண்ணு, கேள்வி கேக்காத” என்பார். எங்கே போகிறோம் என்பதை அன்று நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. சான்றோடு வந்து அவரை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

பங்குச் சாமியார் இளைஞர். ஆனாலும் லத்தீன் படிக்கத் தெரிந்தவர். பீரோவிலிருந்து சிவப்புத் துணியில் சுற்றிய பெரிய புத்தகங்களை எடுத்து மேசையில் வைத்தார். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. மை பழுப்பாக மாறியிருந்தது. “கையைத் துடைத்துக்கொள், பக்கத்தை நீ புரட்டாதே, நான் புரட்டுகிறேன்” என்றார். அந்தக் காலத்தில் சேலம் மறைமாவட்டம் என்று ஒன்று கிடையாதாம். அது 1930ல்தான் ஏற்பட்டது. அதற்கு முன் இங்கே இருந்தவர்கள் பாரிஸ் மிஷனைச் சேர்ந்த பிரெஞ்சுக் குருக்கள். அவர்கள் ஒவ்வொரு ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் அடக்கத்தையும் லத்தீனில் எழுதி வைத்தார்கள்.

திருமணப் பதிவேட்டில் 1889ஆம் ஆண்டுப் பக்கத்தில் எள்ளுத்தாத்தாவின் பெயர் அகப்பட்டது. தச்சு வேலை செய்பவர் என்றும், அவருடைய தாய் தந்தை பெயரும் இருந்தன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுத்து மணமகளின் பெயர். அதற்கு அடுத்த சொல்லில் சாமியாரின் விரல் நின்றது.

“ஓர்ஃபானா” என்று படித்தார்.

“அப்படியென்றால் என்ன ஊர், ஃபாதர்?” என்று கேட்டேன்.

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். “ஊர் இல்லையம்மா. அநாதைப் பெண் என்று அர்த்தம்” என்றார்.

வேறு யாராவது இருக்கலாம் என்று சொன்னேன். அதே பெயரில் இன்னொருத்தி இருக்கக்கூடாதா என்று வாதாடினேன். அவர் பொறுமையாக ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்தார். பக்கங்கள் புரண்டன. 1874, 1875... ஒரு பக்கத்தில் நான்கு மாதத்து ஞானஸ்நானங்கள் அடங்கியிருந்தன. 1877க்கு வந்ததும் புத்தகமே மாறிவிட்டது போல இருந்தது. ஒரு நாளிலேயே ஒரு பக்கம் நிறைந்திருந்தது. ஒரே கையெழுத்து, வரவர அவசரமாகச் சாய்ந்து சாய்ந்து ஓடியது. பெயர்களும் திரும்பத் திரும்ப வந்தன: மரியாள், சூசை, அன்னாள், மீண்டும் மரியாள். அத்தனை பேருக்கும் பெயர் வைக்க அந்தச் சாமியாருக்குப் புனிதர்களே போதவில்லை போலிருக்கிறது. பல பெயர்களின் ஓரத்தில் ஒரு சிறு சிலுவை. அதன் பக்கத்தில் ‘ஓபியித்’ என்று ஒரு சொல்லும் ஒரு தேதியும். “இறந்துபோனது என்று அர்த்தம்” என்றார் சாமியார். தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். மூன்று நாள், ஐந்து நாள், சிலவற்றுக்கு மறுநாளே.

எள்ளுப்பாட்டியின் பெயருக்குப் பக்கத்தில் சிலுவை இல்லை. ‘எக்ஸ் பாரெந்திபுஸ் இக்னோத்திஸ்’ என்று இருந்தது. தாய் தகப்பன் யாரென்று தெரியாத பிள்ளை. ‘அன்னோரும் சிர்சிதெர் க்வின்க்வே’, வயது சுமார் ஐந்து. அவ்வளவுதான். அந்தப் பதிவுக்குப் பின்னால், மிகப் பின்னால், பென்சிலால் ‘1889’ என்று யாரோ குறித்திருந்தார்கள். திருமணத்தின்போது சரிபார்த்த அடையாளமாம்.

நான் அழவில்லை. கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. பேருந்தில் திரும்பி வரும்போது அப்பா சேலம் வரை வாயைத் திறக்கவில்லை. பிறகு, “அத்தைகிட்ட எதுவும் கேட்காதே. வயசானவங்க” என்றார். அப்பாவுக்கு முன்பே தெரியுமா என்று கேட்டேன். “தெரியாது. ஆனா சந்தேகம் இருந்துச்சு” என்றார். எனக்குத் தெரியாததெல்லாம் இந்த வீட்டுச் சுவர்களுக்குத் தெரிந்திருக்கும்போல என்று எண்ணிக்கொண்டேன்.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் அத்தைப்பாட்டி திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் போய் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்து உருவினேன். “அத்தைப்பாட்டி, ஊர்க் கோயில்ல கலியாணப் புஸ்தகம் பார்த்தோம்” என்றேன். அவர் கை நிற்கவில்லை. கீரையை உருவிக்கொண்டே இருந்தார். சற்று நேரம் கழித்து, “அதைக் கரையான் தின்னுருக்கும்னு நெனச்சேன்” என்றார்.

அப்புறம் அவர் சொன்னதை எல்லாம் என்னால் இயன்றவரை அவர் வாய்மொழியிலேயே எழுதுகிறேன்.

“அப்பாயி சாகும்போது எனக்குப் பதிமூணு வயசு. அது 1948. மழைக்காலத்துல ராத்திரி அவகூடத்தான் படுத்துக்குவேன். அவளுக்குத் தாயி மொகம் ஞாபகமில்ல. தாயோட முழங்கையில பச்ச குத்தியிருந்த தேளு மட்டும் ஞாபகம். ரோட்டுல நடந்துகிட்டே இருந்தாங்களாம். எத்தன நாளுன்னு தெரியாது. கூட இன்னொரு புள்ள இருந்துச்சாம், அக்காளோ என்னமோ, அது ஒரு நாள் எந்திரிக்கலையாம். புளியங்கொட்டைய வறுத்து ஊறவச்சு மென்னு மென்னு இவ வாயில கொடுப்பாளாம் தாயி. ஒரு நாளு மிஷன் மதில் பக்கத்துல ஒரு புளியமரத்தடியில உக்கார வச்சு, மடியில கெடந்த ஒரு பிடி அரிசிய இவ சீலத்துணியில முடிஞ்சு, ‘இங்கியே இரு, நான் கஞ்சி வாங்கியாறேன்’னு சொல்லிட்டுப் போனாளாம். இவ இருந்தா. பொழுது சாஞ்சும் இருந்தா. சாமியாரு வந்து தூக்கும்போதும் ‘எங்கம்மா இங்கியே இருக்கச் சொல்லிச்சு’ன்னு மரத்தைக் கட்டிகிட்டு அழுதாளாம். அந்த அரிசிய அவ திங்கல. பச்சரிசியா இருந்தாலும் பசிக்கு மென்னுருக்கலாம். திங்கல.”

என் கைக்குட்டை முனையின் முடிச்சு நினைவுக்கு வந்தது.

“அப்போ ஏலாக்குறிச்சி?” என்றேன்.

அத்தைப்பாட்டி சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் புதியது. “அது எங்கப்பன் சொன்ன பொய்யி. எனக்காகச் சொன்னது” என்றார்.

1953ல் அத்தைப்பாட்டிக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் தூரத்து ஊர்க்காரர்கள், வசதியானவர்கள், பல தலைமுறையாக வேதத்தில் இருந்தவர்கள். பேச்சு முடிந்து தட்டு மாற்றும் நேரத்தில் ஒரு பெரியவர், “பொண்ணோட அப்பாயி எந்த ஊரு, யார் வூட்டுப் பொண்ணு?” என்று கேட்டாராம். கூடத்தில் எல்லோரும் என் கொள்ளுத்தாத்தாவைப் பார்த்தார்கள். ‘தாய் தகப்பன் தெரியாது’ என்றால் அடுத்த கேள்வி ‘அப்போ என்ன ஜாதி?’ என்பதுதான். அதற்கும் பதில் கிடையாது. ஞானஸ்நானத் தண்ணீர் பட்டால் எல்லோரும் ஒன்று என்று ஞாயிற்றுக்கிழமை கேட்பவர்கள்தான் அவர்களும்! அத்தைப்பாட்டி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். கொள்ளுத்தாத்தா ஒரு முறை அடைக்கல மாதா திருவிழாவுக்கு ஏலாக்குறிச்சி போயிருக்கிறார். அந்த ஊர்ப் பெயர் வாயில் வந்தது. சொல்லிவிட்டார். கலியாணம் நடந்தது.

“எங்கப்பாயி உசுரோட இருந்திருந்தா அப்பன் அந்த வார்த்தையச் சொல்லியிருக்க முடியாது. ‘நான் புளியமரத்தடியில கெடைச்சவ’ன்னு அவ யாரு கேட்டாலும் சொல்லுவா. வெக்கமே படமாட்டா. வெக்கப்பட்டது நாங்கதான் கண்ணு.”

வீரமாமுனிவர் எப்போது வந்து சேர்ந்தார் என்று கேட்டேன். 1953ல் ஏலாக்குறிச்சி மட்டும்தானாம். இருபது வருடம் கழித்து யாரோ ஒரு சித்தப்பா, அது வீரமாமுனிவர் வாழ்ந்த ஊர் என்று எங்கோ படித்துவிட்டு வந்து, “அப்போ அவருதான் நமக்கும் கொடுத்திருப்பாரு” என்றாராம். அப்பாவின் ஞானஸ்நான விருந்தில் ‘கொடுத்திருப்பாரு’ என்பது ‘கொடுத்தாரு’ ஆகிவிட்டது. என் காலத்தில் முன்னோர் ஒருவரின் தலையைத் தடவி ஆசீர்வதித்தும்விட்டார்! எழுபது வருஷத்துப் பொய்க்கு நான் ஆலமரம் வரைந்திருக்கிறேன். எதை மூடி வைக்க வேண்டுமோ அதற்குத்தான் ஜரிகைத் துணி போடுவார்கள் போலிருக்கிறது.

“இத்தன வருஷம் மனசு உறுத்தலையா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அத்தைப்பாட்டி ஆய்ந்த கீரையை மறுபடியும் கிளறினார். “கலியாணமான புதுசுல, எங்க மாமியா ஒரு பிச்சக்காரியப் பாத்து ‘அநாதக் களுத’ன்னு வைவா. எனக்குச் சுருக்குன்னும். கஞ்சி ஊத்திட்டு உள்ள வந்துருவேன். ஒரு நாளாவது ‘எங்கப்பாயியும் அப்படித்தான்’னு சொல்லியிருக்கலாம். சொல்லலியே” என்றார்.

ஒரு வார காலம் நூலகத்தில் தேடித் தேடிப் படித்தேன். அந்தப் பஞ்சத்துக்குத் தாது வருஷப் பஞ்சம் என்று பெயர். 1876ல் மழை பொய்த்தது. மறு ஆண்டும் விடவில்லை. 1878 வரை சென்னை மாகாணமும் மைசூரும் பம்பாய் மாகாணமும் வாடின. 50 லட்சத்துக்கும் மேல் மாண்டார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பழைய சேலம் ஜில்லாவில் 1871 குடிக்கணக்கில் 19 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள் 1881ல் சுமார் 16 லட்சமாகக் குறைந்திருந்தார்கள். இதில் என்னை உலுக்கியது, தானியமே இல்லாமல் போகவில்லை என்பதுதான். ரயில் இருந்தது, மூட்டைகளும் ஓடின. விலைதான் ஏழைகளுக்கு எட்டாமல் போயிற்று. கப்பலில் வெளிநாட்டுக்கும் தானியம் போனது. 1877 ஜனவரி 1ஆம் தேதி டில்லியில் தர்பார் கூட்டி விக்டோரியா மகாராணியை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவித்து விருந்து வைத்தார்கள். அதே மாதங்களில் சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி, நிவாரண வேலைக்கு வரும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று விதித்தார். ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதிலும் குறைவு. சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ், உழைக்கிற உடம்புக்கு இது போதாது என்று எதிர்த்து எழுதினார். சென்னையில் பக்கிங்காம் கால்வாயை நான் படகுப் படத்தில் பார்த்திருக்கிறேன். அதன் ஒரு பகுதியை அந்தப் பஞ்சத்தில் கூலிக்கு வந்தவர்கள்தான் வெட்டினார்களாம்.

அந்தத் தாய் எங்கே போனாள்? கஞ்சித்தொட்டி தேடிப் போய் வழியில் விழுந்தாளா? அல்லது மிஷன் மதிலைப் பார்த்துத் தெரிந்தேதான் உட்கார வைத்தாளா? சாமியாரிடம் பிள்ளையோடு போனால் இரண்டு வாய். பிள்ளை மட்டும் என்றால் ஒரு வாய் என்று கணக்குப் போட்டாளா? அவள் பேசியது தமிழா, தெலுங்கா, கன்னடமா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. அந்த ஜில்லாவில் மூன்றுமே பேசுவார்கள். ‘எங்கம்மா இங்கியே இருக்கச் சொல்லிச்சு’ என்ற வாக்கியத்தைக்கூட அப்பாயி எந்த மொழியில் அழுதாளோ! ஒன்று மட்டும் கணக்காகத் தெரியும். அந்தப் பக்கத்தில் சிலுவை விழாத பெயர்களில் ஒன்று எங்களுடையது. எள்ளுப்பாட்டி ஒன்பது பிள்ளைகள் பெற்றார். ஆறு பேர் தங்கினார்கள். ஆறாவது ஆள் என் கொள்ளுத்தாத்தா.

ஜூனில் பள்ளி திறந்தது. குழாயடியில் நான் கேட்ட கேள்வி விடுமுறை முழுவதும் என் காதிலேயே ஒலித்துக்கொண்டிருந்தது. முதல் நாள் அவளைத் தேடிப் போனேன், பேச வாய் வரவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் கெபியின் பக்கத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் மன்னிப்புக் கேட்பதற்கு அழகாக ஒரு வாக்கியம் தயார் செய்திருந்தேன். அது மறந்துவிட்டது. புளியமரத்தடியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன். கடைசியில், “நான் உன்னை அன்னைக்குச் சொன்னது...” என்று இழுத்தேன்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். “அப்போ உனக்கு ஒரு புளியமரம் வரைக்கும் தெரியும். எனக்கு ஒரு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெரியும்” என்றாள்.

நான் என்ன சொல்வது? அவள் கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் பாடத்தில் விடை சரிபார்ப்பது போலச் சொன்னாள். பிறகு, “நெஜமாவே ஒன்பது பிள்ளைங்களா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “பரவாயில்லையே!” என்று சொல்லிவிட்டு மறுபடியும் வாளியைத் தூக்கினாள். ‘மன்னிச்சிட்டேன்’ என்று அவள் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் இப்போதெல்லாம் மத்தியானத்தில் எங்கள் இருவர் டிபன் பாக்ஸும் ஒரே குழாயில்தான் கழுவப்படுகின்றன.

இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று அத்தைப்பாட்டியிடம் கேட்டபோது அப்பாவும் பெரியப்பாவும் வேண்டாம் என்றார்கள். வீட்டில் கலியாண வயதில் அக்கா இருக்கிறாள், இந்தச் சமயத்தில் எதற்கு என்பது அவர்கள் கவலை. அத்தைப்பாட்டிதான், “எழுதட்டும். என் மாமியா வூட்டு ஊரு பேரு மட்டும் வேண்டாம். அவங்க பேரப்புள்ளைங்க என்ன பண்ணுச்சுங்க?” என்றார். அக்காவோ, “இதைப் படிச்சிட்டு ஓடுற மாப்பிள்ளை ஓடட்டும்” என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். கோயிலில் பூசைக் கருத்து எழுதும் மேசைக்கு அத்தைப்பாட்டியைக் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். தாத்தா பெயர், கொள்ளுத்தாத்தா பெயர், எள்ளுப்பாட்டி பெயர் எல்லாம் சொன்னார். “இன்னும் ஒண்ணு” என்றார். எழுதிக்கொண்டிருந்த உபதேசியார் பேனாவோடு நிமிர்ந்து, “பேரு சொல்லுங்கம்மா” என்றார்.

“பேரு தெரியாதுங்க.”

“பேரு இல்லாம எப்படிம்மா படிக்கிறது?”

“புளியமரத்தடியில புள்ளைய வச்சிட்டுப் போன தாயின்னு எழுதுங்க.”

உபதேசியார் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். எழுதிக்கொண்டார்.

பூசையில் சாமியார் பெயர்களை வரிசையாகப் படித்துக்கொண்டே வந்து அந்த இடத்தில் ஒரு கணம் தயங்கினார். தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு, எழுதியிருந்தபடியே நிறுத்தி நிதானமாகப் படித்தார். முன்வரிசைப் பெண்கள் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அத்தைப்பாட்டி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நேராகப் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.